புல் வளர்க்க நிலம் எங்கே? தருமபுரியின் கறவை மாட்டுப் பயிற்சியும் காலனியும்

தருமபுரி மாவட்டத்தில் கறவை மாடு வளர்ப்போருக்கான அறிவியல் பயிற்சிக்குக் குறைவில்லை. குண்டல்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் அதைச் செய்துவருகின்றன. சமச்சீர் தீவனம், தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம், கோமாரித் தடுப்பூசி, மடிவீக்கம் வராமல் கறக்கும் முறை என யாவும் தேவையான பாடங்களே. தாட்கோ கடனில் வாங்கிய ஒற்றைப் பசுவின் ஒரு காம்பு கெட்டால் மாதத் தவணையே தவறிப்போகும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். ஆகவே இந்த அறிவை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அது யாருடைய தொழுவத்தை மனத்தில் கொண்டு கற்பிக்கப்படுகிறது என்பதே எங்கள் கேள்வி.

பசுந்தீவனத்தை எடுத்துக்கொள்வோம். கலப்பினக் கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ வேண்டும். பாசனமுள்ள 10 சென்ட் நிலத்தில் கோ-4 அல்லது கோ-5 புல் கரணை நட்டால் ஏறத்தாழப் போதும் என்பது பாடம். ஆதிதிராவிடர் நலத்துறை கிராமங்களில் வழங்கும் இலவச வீட்டுமனையோ பெரும்பாலும் 3 சென்ட். வீடும் அடுப்படியும் மாடும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

எனவே தலித் பெண்கள் பிறர் வயல் வரப்பில் புல் அறுக்கிறார்கள். அந்தப் புல்லுக்கும் விலை உண்டு. கூலி உயர்வு கேட்டால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், மறுநாள் வரப்பு மூடப்படும். பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளின் காட்டோர மக்களுக்கு இருந்த மாற்றுவழியும் சுருங்கிவிட்டது. 2022 மார்ச்சில் வனத்தில் கால்நடை மேய்ச்சலுக்கு முழுத்தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

பால் கறந்த பிறகும் சாதி விடுவதில்லை. 2001-02இல் 11 மாநிலங்களின் 565 ஊர்களில் நடந்த தீண்டாமை ஆய்வு, பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்த ஊர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் தலித்துகள் அங்குப் பால் விற்கத் தடுக்கப்பட்டதாகக் கண்டது. இன்று முகத்துக்கு நேராக மறுப்பவர் குறைவு. உறுப்பினர் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கும், காலனிப் பாலில் மட்டும் கொழுப்பு குறைந்துகொண்டே வரும் (அறிவியல் இங்கும் பயன்படுகிறது!). 2023 டிசம்பர் 18 முதல் அரசு தரும் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை ஆவினுக்குச் சங்கம் வழியாகப் பால் ஊற்றுவோருக்கே. வெளியே நிறுத்தப்பட்டவர் 8 லிட்டர் கறந்தால் நாளொன்றுக்கு 24 ரூபாய் இழக்கிறார்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரைப் பொதுவளங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், பிறருக்குத் திறந்திருக்கும் தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)வின்கீழ்க் குற்றம். பால் சங்க வாசலில் நிகழும் மறுப்பை இப்பிரிவின்கீழ்ப் புகாராக எழுத நம் இயக்கங்கள் இன்னும் பழகவில்லை.

நிலமும் இல்லாமல் இல்லை. 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்றால் அந்த விற்பனை நிபந்தனை மீறல். மேய்க்கால் புறம்போக்கை மனையாகவோ கட்டடமாகவோ மாற்றத்தான் தடைகள் உள்ளன. அதில் நிலமற்ற பெண்கள் குழுவாகப் புல் வளர்ப்பது அதன் வகைப்பாட்டுக்கே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆகவே மாணவர்கள் முதலில் செய்யக்கூடியது, தத்தம் கிராமத்தின் 'அ' பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறுவது. பஞ்சமி, மேய்க்கால் எனப் பதிவான புல எண்களைக் குறித்து, இன்று அவை யார் அனுபவத்தில் உள்ளன என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலை வைத்து, தீவன விளைநிலமும் காலனிக்குள்ளேயே பயிற்சி வகுப்பும் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம்.