விளம்பரமும் வாய்மையும்

பண்டம் நன்றாயினும் அஃது உண்டென்பதைப் பிறர் அறியாராயின் வாணிகம் நடவாது. ஆதலின் கூவி விற்றலும் கொடியுயர்த்தி அழைத்தலும் வணிகர்க்குப் பண்டுதொட்டே இயல்பாயின. மதுரை அங்காடியில் கொடிகள் ஆடிய காட்சியை மதுரைக்காஞ்சியிற் காண்கின்றோம். அக்கொடியின் இடத்தை இக்காலத்தில் இணைய விளம்பரம் பெற்றுள்ளது. அதனை எழுதுவோர்க்கு இன்றியமையாதது யாது என்பது குறித்து எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1994-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள், ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய இதழில் பட்டை வடிவான விளம்பரங்கள் வெளிவந்தன. அக்காலத்து விளம்பரம் என்பது ஒரே சித்திரம். வரைந்தோன் வைத்த சொல் வைத்த இடத்திலேயே நிற்கும். இன்றோ ஒருவர் கைப்பேசியிற் படிக்கின்றார். மற்றொருவர் மேசைக் கணினியிற் படிக்கின்றார். ஒரே அளவு எல்லார்க்கும் பொருந்தாது. இக்குறையை நீக்கும்பொருட்டே, இடத்திற்கேற்ப உருமாறும் விளம்பர முறையைக் கூகிள் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இம்முறையில் விளம்பரம் செய்வோர் முழு உருவத்தை வரைந்து கொடுப்பதில்லை, உறுப்புக்களையே கொடுக்கின்றனர். படங்கள் 15 வரையிலும், வணிக இலச்சினைகள் 5 வரையிலும், 30 எழுத்துக்குறிகளுக்கு உட்பட்ட குறுந்தலைப்புக்கள் 5 வரையிலும், 90 குறிகளுக்கு உட்பட்ட நெடுந்தலைப்பு ஒன்றும், அவ்வளவினவேயான விளக்கங்கள் 5 வரையிலும் கொடுக்கலாம். எதனை எதனோடு கூட்டுவது என்பதைக் கணினியே துணிகின்றது. 5 குறுந்தலைப்பும் 5 விளக்கமும் 15 படமும் கொடுத்தார்க்கு, அவற்றாலேயே 375 சேர்க்கைகள் உளவாம். மக்கள் மிகுதியாக இணங்கும் சேர்க்கையைக் கண்டு அதனையே கணினி மேன்மேலும் காட்டும். இடம் சிறிதாயின் விளக்கத்தை விடுத்துத் தலைப்பை மாத்திரம் காட்டுதலும் உண்டு.

தமிழ் பயில்வார்க்கு இது முற்றும் புதிதன்று. நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் அடிமறிமாற்று என்பது ஒன்று. எவ்வடியை எவ்விடத்து வைப்பினும் பொருள் பிறழாது நிற்பதே அதன் இயல்பு. இவ்விளம்பரத்திற்கும் அதுவே இலக்கணம் என்போம். பொருளிற் பாதியை ஒரு தலைப்பிலும் மீதியை மற்றொன்றிலும் வைப்போர் இழப்படைவர். ஒன்றனையே ஐந்து விதமாகத் திருப்பிக் கூறுவோரும் பயனடையார். விலை, தரம், கிடைக்குமிடம், பயன் என வேறுவேறாகக் கூறல் வேண்டும். படத்தின்மேல் எழுத்துக்களைப் பொறித்தலும் நன்றன்று. சில இடங்களில் படத்தின் ஓரம் குறைக்கப்படுமாதலின் சொல்லும் உடன் குறைபடும். சிறு திரையிலோ அதனைப் படித்தலே அரிது.

நிற்க. இம்முறையில் ஓர் இடரும் உண்டு. கைத்தறி வணிகன் ஒருவன் 'சேலைகள் பாதி விலை' என்று தலைப்பையும், 'சென்ற ஆண்டுச் சேலைகளுக்கு மாத்திரம்' என்று விளக்கத்தையும் எழுதுகின்றான் எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து நிற்குங்கால் அவன் கூற்று மெய்யே. விளக்கம் விடுபட்ட இடத்திலோ அது பொய்யாகின்றது. மேலும், அளவுக்கு மீறிய அப்பொய்யையே மக்கள் மிகுதியாக நாடுவராயின், கணினியும் அதனையே மிகுதியாகக் காட்டும். அதற்குக் கணக்குத் தெரியும், மனச்சான்று இல்லை.

'கணினி சேர்த்ததற்கு யாம் பொறுப்பாவதெங்ஙனம்?' என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றை யாம் ஒப்போம். உறுப்புக்களைக் கொடுத்தவன் மனிதன். அவை பிரிந்து நிற்கக்கூடும் என்பதை அறிந்தே கொடுத்தவனும் அவனே. கள்ளத்தராசைச் செய்து வைத்தவன், தட்டுத் தானே சாய்ந்தது என்று கூறித் தப்புதல் கூடுமோ? மக்களை மயக்கும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையில் தண்டம் விதிக்க நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) இடந்தருகின்றது. ஆயினும் தண்டத்திற்கு அஞ்சி மாத்திரம் மெய் பேசுதல் சிறப்பன்று. நம் பேச்சு நேரியதாயிருத்தல் வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கற்பித்தது அங்காடிப் பேச்சிற்கும் உரியதே.

பரிகாரம் அரியதன்று. நிபந்தனையை விளக்கத்தில் ஒதுக்காது தலைப்பிலேயே வைத்தல் வேண்டும். 'சென்ற ஆண்டுச் சேலை பாதி விலை' என்பது 30 குறிகளுக்குள் அடங்குகின்றதன்றோ? ஒவ்வோர் உறுப்பையும் மற்றவற்றினின்று பிரித்துத் தனியே வைத்துப் படித்துப் பார்த்தல் வேண்டும். தனித்து நின்று மெய்யாகாததனை எழுத்தாளன் தானே நீக்கிவிடக் கடவன். அதனால் மக்கள் நாட்டம் சிறிது குறையினும் குறைக. ஏமாந்து வந்தவன் ஒரு முறையே வருவான். தெளிந்து வந்தவன் மீண்டும் வருவான்.

விளம்பரம் எழுதுதல் இலக்கியம் பயின்றார்க்கு இழிதொழில் என்று இகழ்வார் உளர். எமக்கு அவ்வெண்ணம் இல்லை. சுருங்கச் சொல்லலை நூலழகு பத்தனுள் முதலாக வைத்த மொழி நம்மது. மாணவத் தோழர்காள்! நம்முள் சிலர் நாளை இத்தொழில் புகுதலும் கூடும். சுருங்கச் சொல்லுங்கால் வாய்மையைச் சுருக்காதிருப்போமாக.