துளியின் சூடு எத்தனை டிகிரி?

மூட்டுவாதத்தால் விரல் மடங்காத ஒருவருக்கு இயன்முறைப் பிரிவில் வாக்ஸ் பாத் கொடுக்கும்போது நாம் செய்வதை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம். மோதிரம், வளையலைக் கழற்றச் சொல்கிறோம். கையில் வெட்டோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் வைத்துத் தொட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கிறோம். திரவப் பாரஃபின் கலந்த மெழுகு தொட்டியில் 52 முதல் 54 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. கையை முக்கி எடுத்ததும் பளபளப்பு மங்கி, மெழுகு வெள்ளையாக உறைகிறது. விரலை அசைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறோம். அசைத்தால் படலம் விரிசல் விட்டு, அடுத்த முக்கலில் புதுச் சூடு உள்ளே இறங்கிச் சுடும். இத்தனை கவனத்தோடு மெழுகைத் தோலில் பூசும் நாமே, புதிதாகக் கல்யாணமான ஒரு சிப்காட் தொழிலாளர் தம்பதி, படுக்கையறையில் ஒருவர் மேல் ஒருவர் மெழுகுத் துளி விட்டு விளையாடலாமா என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். வாக்ஸ் பாத்துக்கு நாம் வைத்திருக்கும் அதே விதிமுறையிலிருந்துதான் அவர்களுக்கும் பதில் வர வேண்டும் என்பதே இந்த ஆசிரியர் உரையின் வாதம்.

தீக்காயம் என்பது சூடும் நேரமும் சேர்ந்த கணக்கு. மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947இல் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் அடிப்படையாக நிற்கின்றன: தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் காயம் உண்டாக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும்; 60 டிகிரியில் 5 வினாடி போதும். சிறு துளி விழுந்தவுடன் உறைந்து ஆறத் தொடங்குவதால், துளியின் முழுச் சூட்டையும் தோல் எட்டுவதில்லை. ஆனால் அதே மெழுகைக் கவிழ்த்து ஊற்றினாலோ, தொப்புள் போன்ற குழியில் தேங்கவிட்டாலோ, முதல் துளி ஆறும் முன் அதே இடத்தில் அடுத்தடுத்து விட்டாலோ கணக்கு மாறிவிடும். மெழுகின் வகையும் முக்கியம். மெழுகுவத்திப் பாரஃபின் வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரி வரை உருகும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். வத்தி வளையாமல் நிற்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம் உருகுநிலையைக் கூட்டுவதுண்டு. போதாக்குறைக்கு, திரியின் அடியில் தேங்கும் மெழுகு உருகுநிலையைவிட அதிகச் சூட்டில்தான் இருக்கும். ஆகவே "மெழுகு ஆபத்தா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. எந்த மெழுகு, எவ்வளவு, எந்த உயரத்திலிருந்து, யார் தோலில் என்று பிரித்துத்தான் சொல்ல முடியும்.

அப்படிப் பிரித்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தேன்மெழுகு வேண்டாம், கண்ணாடிக் குடுவையில் வரும் வாசனை மெழுகைச் சாய்த்து ஊற்றவே வேண்டாம். வண்ணமோ வாசனையோ சேர்க்காத, குறைந்த சூட்டில் உருகும் பாரஃபின் அல்லது சோயா மெழுகு நல்லது. விடப்போகிறவர் முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தவர் முதுகில் ஒன்றரை முழ உயரத்திலிருந்து ஒற்றைத் துளியாகத் தொடங்கி, அவர் சொல்லும் வரை அடுத்ததை விடக் கூடாது. முகம், கழுத்து, மார்புக்காம்பு, பிறப்புறுப்பு, ரோமம் அடர்ந்த இடம், அன்றைக்குச் சவரம் செய்த இடம் எல்லாம் விலக்கு. சர்க்கரை நோயால் உணர்ச்சி மழுங்கியவர்களுக்கும், சிவப்பழகுக்கென்று ஸ்டீராய்டு களிம்பைப் பல மாதம் பூசித் தோல் மெலிந்தவர்களுக்கும் இது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடித்திருந்தாலும் கூடாது; வலி தாமதமாகத் தெரியும், "போதும்" என்ற சொல் அதைவிடத் தாமதமாக வரும். என்னைக் கேட்டால் மெழுகைவிடச் சுடர்தான் பெரிய ஆபத்து. ஓசூரின் ஒற்றை அறை வாடகை வீட்டில் கட்டிலை ஒட்டியே நைலான் கொசுவலையும் பாலியஸ்டர் நைட்டியும் தொங்கும். வலையைச் சுருட்டி, ஃபேனை நிறுத்தி, தலைமுடியை முடிந்து, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் கூடாது. ஆறிய மெழுகு தானாகக் கழன்றால் எடுக்கலாம், கொப்புளத்தோடு ஒட்டியிருந்தால் அப்படியே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுப்பது தூண்டிவிடுவதாகாதா என்று கேட்பார்கள். கேள்வியோடு வருகிறவர் கையில் வத்தி ஏற்கெனவே இருக்கிறது. அவரிடம் இல்லாதது டிகிரிக் கணக்குதான். நம் பண்பாட்டில் இல்லாதது என்ற ஆட்சேபம் அதைவிடப் பலவீனமானது. இன்பத்தோடு வலியைக் கலக்கும் வழக்கத்தைக் காமசூத்திரமே தென்னாட்டார் பேரில்தான் எழுதிவைத்திருக்கிறது; அப்படியொரு அடியில் சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றுவிட்டதையும் சொல்லி, உயிருக்கு ஆபத்தானதை எந்த நாட்டிலும் விலக்கும்படி எச்சரிக்கிறது. நோய் என்று முத்திரை குத்தவும் நமக்கு ஆதாரமில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாடான ஐசிடி-11, இருவரும் மனமொப்பிச் செய்வதை அந்தக் காரணத்துக்காகவே நோயாகக் கருதவில்லை. சம்மதமில்லாதவர் மேல் வலியைத் திணிப்பதைத்தான் தனிக் கோளாறாக வைத்திருக்கிறது.

பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. பெண் உடம்பில் தீக்காயம் என்றாலே வரதட்சணைக் கொடுமை நினைவுக்கு வரும் நாடு இது. கணவனின் கொடுமைக்கு "விளையாட்டு" என்றொரு சாக்கை நாமே எடுத்துக் கொடுக்கிறோமா? இந்த அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு இந்த ஆலோசனையை யாரும் செய்யக் கூடாது. சட்டமும் எல்லை போட்டிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது நிறைந்தவர் சம்மதித்த செயலில் நேரும் சிறு காயத்தைக் குற்றமாக்கவில்லை, ஆனால் கொடுங்காயத்துக்கு அந்தச் சம்மதம் செல்லாது. முகம் நிரந்தரமாக விகாரமாவது கொடுங்காயம். பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்குப் பதிவு) போட வேண்டிய காயத்துக்கு எம்.எல்.சி. போட்டே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மெழுகைப் பற்றி எதுவும் தெரியாத மருத்துவரால் பொய்யையும் கண்டுபிடிக்க முடியாது. விளையாட்டில் விழுந்த துளி, சிதறிய வட்டங்களாக மேலோட்டச் சிவப்பை விடும். ஊற்றியது ஓடிய தடத்தோடு ஆழமாகச் சுடும். வெவ்வேறு நாள் வயதுடைய தழும்புகளும், முகத்திலோ பிறப்புறுப்பிலோ உள்ள காயமும், சொல்லும் கதையோடு பொருந்தாத இடமும் வேறு கேள்வியைக் கேட்க வைக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பதுதான் நம் எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல். அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரே புறநோயாளி வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி எல்லாம் கேட்கும். மனைவிக்கு நம் மொழி தெரியாதபோது அவர் சார்பில் கணவரே "அவளுக்கும் இஷ்டம்தான் சார்" என்கிறார், நாமும் எழுதிக்கொள்கிறோம். அந்த வரியைச் சம்மதமாக ஏற்கவே கூடாது. கணவரை வெளியே உட்காரவைத்து, அந்த மொழி தெரிந்த செவிலியரையோ, தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரையோ வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இதை முதலில் யார் கேட்டது, வேண்டாம் என்று நீங்கள் சொன்னதுண்டா, சொன்னபோது என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கு முன் அவர் கதவைப் பார்த்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சீட்டில் எழுதாமல் வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைக்க வேண்டும். சீட்டை வீட்டில் யார் படிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது.