வெள்ளை மணலுக்குப் புதிய சந்தை: கோல் மக்களுக்கு என்ன?

உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜ் மாவட்டத் தெற்கெல்லையில், விந்தியப் பாறைகளின் மீது அமைந்திருக்கிறது சங்கர்கட். இங்கு உடைத்து, அரைத்து, கழுவி எடுக்கப்படும் சிலிக்கா மணல் நெடுங்காலமாகப் பிரோசாபாத்தின் கண்ணாடி உலைகளுக்குச் சென்றுவந்தது. இன்று அம்மணலுக்கு மாற்றுச் சந்தைகள் பேசப்படுகின்றன. வார்ப்பாலைகள், நீர் வடிகட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சூரிய மின்தகடுகளின் கண்ணாடி. சீனா, வியட்நாம் நாடுகளிலிருந்து வரும் சூரியக் கண்ணாடிக்கு 2024 டிசம்பரில் இந்திய அரசு தற்காலிகப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. உள்நாட்டு உற்பத்தி பெருகினால் மணலின் தேவையும் பெருகும்.

பாறையை உடைக்கும் கைகளை இப்பேச்சில் காணோம். அக்கைகள் பெரும்பாலும் கோல் மக்களுடையவை. முன்பணக் கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த அவர்கள், 2000-ஆம் ஆண்டையொட்டிச் சோன்பர்சாவில் திரண்டெழுந்து, தம் பெயரிலேயே குத்தகை பெற்றுக் குடியேறிய இடத்துக்கு ஆசாத் நகர் என்று பெயரிட்டனர். கல் அதே கல்தான். விற்பவர் மாறியதும் விலையின் பெரும்பங்கு உடைத்தவர் வீட்டுக்கே வந்தது. மாற்றுச் சந்தையைப் பற்றிப் பேசுவோர் முதலில் படிக்க வேண்டியது இந்த வரலாற்றையே.

ஆனால் சட்டம் அந்த வழியை அகலப்படுத்தவில்லை. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு சிலிக்கா மணல் உள்ளிட்ட 31 கனிமங்களைச் சிறு கனிமங்களாக அறிவித்தது. குத்தகை விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலத்திடம் சென்றது. ஏலம் என்று வந்தால் பிணைத்தொகை கட்ட வல்லவரே வெல்வார். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் சிறு கனிமக் குத்தகைக்கு முன்பு கிராம சபை அல்லது ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்கிறது 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம். உத்தரப் பிரதேசத்தில் அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லை.

இதைவிடக் கொடியது எல்லைக்கோட்டின் விளையாட்டு. மத்தியப் பிரதேசத்தில் கோல் பட்டியல் பழங்குடி. உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதி. உறவினர் இருபுறமும் வாழ்கின்றனர். வன உரிமைச் சட்டத்தின்கீழ் அப்புறத்தவர் 2005 டிசம்பர் 13-க்கு முன் நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். இப்புறத்தவரோ 75 ஆண்டுகால வாழ்வுக்குச் சான்று தேட வேண்டும். எழுதப்படிக்க விடப்படாத ஒரு சமூகத்திடம் முக்கால் நூற்றாண்டு ஆவணம் கேட்பதை நியாயம் என்று எவ்வாறு அழைப்பது?

நம் கையில் கருவிகள் இல்லாமலில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(h) பிரிவின்படியும் குற்றம். கொத்தடிமை வழக்குகளில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இப்பிரிவையும் சேர்க்குமாறு நாம் தொடக்கத்திலேயே வலியுறுத்த வேண்டும்.

புதிய சந்தை புதிய தீங்கையும் கொண்டுவரும். சூரியக் கண்ணாடிக்கு இரும்புக் கலப்பு மிகக் குறைந்த மணல் தேவை; அதற்கு மேலும் கழுவ வேண்டும், வறண்ட நிலத்தடியிலிருந்து மேலும் நீர் உறிஞ்ச வேண்டும். வார்ப்பாலைக்கு உலர்த்திச் சலிக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆகும். இந்நோய்க்கு மருந்தில்லை. ராஜஸ்தான் 2019-இல் வகுத்த கொள்கையின்படி நோய் சான்றளிக்கப்பட்டவுடன் 3 லட்சம் ரூபாயும், இறப்பின்பின் குடும்பத்துக்கு 2 லட்சமும் உண்டு. உடைப்பவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறாத குவாரியில், எந்த முதலாளியிடம் வேலை செய்து இந்நோய் வந்தது என்பதைக்கூட நிறுவ முடியாது.

ஆகவே சங்கர்கட் மணலுக்கான எந்தப் புதிய கொள்முதல் ஒப்பந்தத்திலும், தொழிலாளர் பதிவேடும், ஆண்டுதோறும் மார்பு ஊடுகதிர்ப் பரிசோதனையும், கோல் கூட்டுறவுகளுக்கு ஏலமின்றி ஒதுக்கப்படும் குத்தகைப் பங்கும் நிபந்தனையாக வேண்டும். குத்தகை ஒதுக்கீட்டுக்கு மாநில விதித் திருத்தமே போதும். நாடாளுமன்றம் வரை செல்ல வேண்டியதில்லை.