பாட்டு எங்கே சார்?

மாயாமாளவகௌளை காதில் விழாத தமிழ்க் குடியிருப்பு மும்பையில் இருக்காது என்று நினைக்கிறேன். மாதுங்காவோ செம்பூரோ எங்கள் சான்பாடாவோ, சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதோ ஒரு ஃப்ளாட்டில் ஒரு குழந்தை சரளி வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு 1962-ல் கலிஃபோர்னியாவில் ஒருவர் எலெக்ட்ரிக் கிடாரில் பேயாட்டம் ஆடினார். பெயர் டிக் டேல். வாசித்தது 'மிஸர்லூ'. 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தின் டைட்டிலில் வருமே, அதேதான். (ராகமே அதுதான் என்று சொன்னால் வித்வான்கள் உதைக்க வருவார்கள். ஸ்வரங்கள் அவைதான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) டேல் அப்பா வழியில் லெபனான்காரர். வீட்டில் ஊத் என்கிற அரபு வாத்தியத்தைச் சித்தப்பா வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர். குடிவந்த வீட்டுப் பிள்ளை, வீட்டு மெட்டை எடுத்து ஊர்ச் சத்தத்தில் வாசித்தார்.

இந்த வகை இசைக்கு சர்ஃப் ராக் என்று பெயர். கடல் அலையில் பலகை வைத்துச் சறுக்கும் பையன்களுக்காக வாசித்ததால் வந்த பெயர். பெரும்பாலும் இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், ட்ரம்ஸ். பாடுகிறவர் கிடையாது. அதோடு ஒரு ஈரமான எதிரொலி. ஒரு பெட்டிக்குள் ஸ்பிரிங்கைக் கட்டி, கிடார் சத்தத்தை அதன் வழியாக ஓட விடுவார்கள். சத்தம் ஸ்பிரிங்கில் முட்டி மோதித் திரும்பும்போது கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி ஒரு குழைவு வரும். இதில் ஒரு வேடிக்கை, டேல் அந்தப் பெட்டியைத் தேடியது தன் குரலுக்காகத்தான். அப்புறம் கிடாரைச் செருகிப் பார்த்தார், குரல் பின்னால் போய்விட்டது.

நம் பக்கத்துப் பையன்களுக்கு கலிஃபோர்னியா நேராக வந்து சேரவில்லை. இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு வழியாகத்தான் வந்தது. சுத்தமான சர்ஃப் ராக் இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1960-ல் அவர்களுடைய 'அப்பாச்சி' வந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டோடு சிங்கப்பூர் வந்து வாசித்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தீவில் தெருவுக்குத் தெரு கிடார் குழு. பள்ளிக்கூடப் பையன்களாகத் தொடங்கிய 'க்வெஸ்ட்ஸ்' என்ற குழு 1964-ல் 'ஷாண்டி' என்று ஓர் இசைத்தட்டு போட்டது. பாட்டே இல்லாத அந்தத் தட்டு, பீட்டில்ஸை இறக்கிவிட்டு சிங்கப்பூரில் முதலிடத்துக்குப் போனது. அந்தக் குழுவின் லீட் கிடார் ரெஜி வர்கீஸ். பெயரைப் பாருங்கள், நமக்கு அந்நியமா?

சரி, சான்பாடாவில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன்? காரணம் நான்கு பெரியவர்கள்.

தாராவியில் பிறந்து, சர்ச் பாடகர் குழுவில் கிடார் கற்றுக்கொண்ட திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். மாதுங்காவில் வளர்ந்து வங்கியில் ரிட்டயர் ஆன மாமா ஒருவர். செம்பூர் உரக் கம்பெனியில் வேலை பார்த்த ட்ரம்ஸ்காரர். வாஷியிலிருந்து ஒரு மலையாளி சேட்டன், பேஸ் கிடார். நால்வரும் எழுபதுகளின் நடுவில், காலேஜ் நாட்களிலும் கிறிஸ்தவக் கல்யாண ரிசப்ஷன்களிலும் ஷேடோஸ், வென்ச்சர்ஸ் என்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அப்புறம் ஒருவருக்கு கல்ஃப், ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர், ஒருவருக்கு மூன்று தங்கைகளின் கல்யாணம். குழு கலைந்தது. இப்போது மாமா எங்கள் சொசைட்டியில் குடியிருக்கிறார். போன வருஷத்திலிருந்து மறுபடி கூடுகிறார்கள். செவ்வாய், வியாழன் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை, கிளப் ஹவுஸ் காலியாக இருக்கும் நேரம். அண்ணாச்சி ஹார்பர் லைனில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார். முப்பது கிலோ ஆம்ப்ளிஃபையரைத் தூக்கும் காலம் போய்விட்டது. அந்த ஸ்பிரிங் சத்தத்தை இப்போது சோப்புப் பெட்டி அளவு டிஜிட்டல் பெடல் தந்துவிடுகிறது.

ஜனவரி 26 கலைநிகழ்ச்சியில் அரை மணி நேரம் கேட்டார்கள். கமிட்டியில் ஒருவர் (தமிழர்தான், பெயர் எதற்கு) கேட்ட கேள்விதான் தலைப்பு.

"எல்லாம் சரி சார், பாட்டு எங்கே சார்? வெறும் மியூசிக்னா ஜனங்க எழுந்து சாப்பிடப் போயிடுவாங்க. கரோக்கிக்கு மட்டும் பதினாலு பேர் பேர் கொடுத்திருக்காங்க."

வேண்டுமானால் கரோக்கிக்கு நடுவில் ஐந்து நிமிஷம், அதுவும் இளையராஜா பாட்டு ஏதாவது வாசித்தால் பார்க்கலாம் என்று முடிவாம். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ராஜா பாட்டு மேல் எனக்கு என்ன விரோதம் இருக்க முடியும்? கேட்காத நாள் இல்லை. என் சண்டை அந்த வாதத்தோடு. பாட்டில்லாமல் தமிழன் கேட்க மாட்டானாம். இதை விடப் பொய் உண்டா? ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு எந்தக் கவிஞர் வரி எழுதினார்? குன்னக்குடி வயலினும் வலையப்பட்டி தவிலும் சேர்ந்தால் கோயில் திடல் நிறைந்தது, அங்கே யார் பாடினார்கள்? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையிலிருந்தது மின்சார வாத்தியம்தான். சின்னப் பையனாக அவர் வாசித்தபோது சபாக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு டிக்கெட் இல்லாமல் திண்டாடினார்கள். 2014-ல் நாற்பத்தைந்து வயதில் அவர் போனபோது நாம் அழுததெல்லாம் எந்தப் பாட்டு வரிக்காக?

கேட்கிற பழக்கம் நமக்கு இருந்தது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஃப்ளாட் விலை பேசப் பழகிக்கொண்டோம், அவ்வளவுதான்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கடமை இருக்கிறது என்பேன். நம்முடைய கோட்டை என்று சொல்லிக்கொள்ளும் ஷண்முகானந்தா ஹாலில், கச்சேரியும் அரங்கேற்றமும் நடக்கும் அதே மேடையில், அறுபதுகளின் கடைசியில் சிம்லா பீட் போட்டி நடந்தது. ஒரு சிகரெட் கம்பெனி நடத்தியது. (கம்பெனியின் நோக்கம் சங்கீத சேவை இல்லை என்பது தெரிந்ததே.) மெட்ராஸ், பெங்களூர், கல்கத்தா, ஷில்லாங் என்று நாடு முழுக்க இருந்து பையன்கள் கிடாரோடு வந்தார்கள். 1970, 71 போட்டிக் குழுக்கள் வாசித்தவை இசைத்தட்டாகவும் வந்தன. அதே காலத்தில்தான் இந்த ஊரில் 'மதராஸி' என்று சொல்லிக் கடைகளில் கல் விழுந்தது. வீட்டுக்குள் தமிழையும் மெதுவாகப் பேசிய நாட்கள் அவை என்று மாமா சொல்வார். மேடையில் கிடார் வாசிக்கிறவனிடம் மட்டும் யாரும் நீ எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்கவில்லையாம்.

இது எங்கள் சொசைட்டிக்கும் பொருந்தும். வருஷா வருஷம் ஜனவரி 26-க்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இந்தி எத்தனை, மராத்தி எத்தனை, தமிழுக்கு ஒன்றா இரண்டா, போன வருஷம் மலையாளத்துக்கு இரண்டு கொடுத்தீர்களே. ரேஷன் கடை மாதிரி. யாருக்கும் பாஷை தேவைப்படாத அரை மணி நேரத்தை நான்கு பேர் சும்மா கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். அதை வேண்டாம் என்கிறது கமிட்டி!

இந்தச் சத்தம் நமக்குப் புதுசும் இல்லை. 1965-ல் வந்த 'கும்நாம்' படத்தில், முகமூடி போட்டுக்கொண்டு லட்சுமி சாயா ஆடும் பாட்டை நினைத்துப் பாருங்கள். திரையில் பின்னால் நின்று வாசிப்பது டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ் என்ற பம்பாய் குழு. ரஃபி பாடுவதற்கு முன்னால் உங்களை நாற்காலியிலிருந்து எழுப்புவது அந்தக் கிடார்தான். 2001-ல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற ஹாலிவுட் படம் அந்தக் காட்சியை அப்படியே எடுத்துத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டது. நம் பக்கம் 'காதலிக்க நேரமில்லை' (1964), 'அதே கண்கள்' (1967) எல்லாவற்றிலும் அந்தக் கிடார் உண்டு. பாடியவர் யார் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வோம். கிடார் வாசித்தவர் யார் என்று கேட்டால் முழிப்போம். வாழ்நாள் முழுக்க இன்னொருவர் குரலுக்குப் பின்னால் வாசித்தவர்கள், ஒரு தடவை முன்னால் வந்து வாசிக்கிறோம் என்றால் அதற்கும் ஒரு பாடகரைக் கூட்டி வா என்கிறோம்.

"பழைய நினைப்புதான் பேராண்டி" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேடோஸ் 1990-ல் கலைந்தார்கள். லீட் கிடார் ஹாங்க் மார்வின் அதற்கு முன்பே, 1986-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோய்விட்டார். நம்மைப் போல அவரும் புலம்பெயர்ந்தவர் :-) பதினாலு வருஷம் கழித்து 2004-ல், மூவருக்கும் அறுபது தாண்டிய பிறகு, கடைசிச் சுற்றுப்பயணம் என்று சொல்லி மறுபடி சேர்ந்தார்கள். 2009-ல் கிளிஃப் ரிச்சர்டோடு இன்னொரு தடவை. ஜப்பானில் கதை இன்னும் பெரிசு. வென்ச்சர்ஸ் குழுவைத் தொடங்கிய இருவர் அமெரிக்காவில் கட்டட வேலை பார்த்தவர்கள், அடகுக் கடையில் கிடார் வாங்கியவர்கள். 1965-ல் அவர்கள் வந்து வாசித்ததில் ஜப்பான் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தக் கிடார் சத்தத்துக்கே 'டெக்கெடெக்கெ' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பையன்கள் ஆபீஸில் மாடாய் உழைத்து, தலை நரைத்த பிறகு மறுபடி கிடாரைக் கையில் எடுத்தார்கள். 'ஒயாஜி பேண்ட்' என்கிறார்கள், அப்பாக்களின் குழு என்று சொல்லலாம். யாரும் அவர்களைப் பார்த்து வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள் என்று சொல்வதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. டிக் டேல் கடைசி வரை மேடையேறினார். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எல்லாம் இருந்தும் ஊர் ஊராகப் போனார். மருத்துவச் செலவுக்காகத்தான் வாசிக்கிறேன், நிறுத்த முடியாது என்று 2015-ல் வெளிப்படையாகவே சொன்னார். 2019 மார்ச்சில் எண்பத்தொரு வயதில் இறந்துபோனார். அதனால் வயதான கலைஞரை மேடையில் பார்த்ததும் "ஆஹா, என்ன உற்சாகம்" என்று கைதட்டுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நம் நால்வருக்கு அந்த நிலை இல்லை. பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் கேட்கவில்லை, சால்வை கேட்கவில்லை. அரை மணி நேரம் கேட்கிறார்கள்.

எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு வியாழக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டேன். பாதி பிரமாதம், பாதி சுமார். 'அப்பாச்சி' இழைத்தார்கள். 'மிஸர்லூ'வுக்கு வலது கை மழை கொட்டுகிற மாதிரி ஒரே தந்தியை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணாச்சியின் விரல் மூட்டுகள் அந்த வேகத்துக்கு வரவில்லை. அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வேகம் குறைந்ததும் உள்ளே இருக்கும் மாயாமாளவகௌளை வெளியே வந்துவிட்டது. வீணை கற்ற மாமா ரிதம் கிடாரை விட்டுவிட்டு ஓர் இடத்தில் குழைந்தார் பாருங்கள், சேட்டன் வாசிப்பதை நிறுத்திவிட்டு "எடோ!" என்றார். இருபது வயசில் அவர்களால் இப்படி வாசித்திருக்க முடியாது. அப்போது ரெக்கார்டில் இருப்பதை அப்படியே எடுப்பதுதான் லட்சியமாம்.

இதைக் கேட்டவன் அன்றைக்கு நான் ஒருவன்தான், அப்புறம் மின்விசிறி போட வந்த வாட்ச்மேன். பீகார்க்காரப் பையன். நின்று முழுதும் கேட்டுவிட்டுத்தான் போனான். பாட்டு எங்கே என்று அவன் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் வரும் செம்பூர், வாஷி, நெருல் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொசைட்டியிலும் சங்கத்திலும் இப்படி நான்கு பேர் இருப்பார்கள். பரணில் பெட்டிக்குள் கிடாரோ, வயலினோ, தபலாவோ இருக்கும். "அங்கிள், ஒரு காலத்துல வாசிப்பீங்களாமே" என்று கேட்பதோடு விடாமல், தேதியும் நேரமும் கொடுங்கள். கொடுத்த நேரத்தில் நடுவில் புகுந்து பரிசளிப்பு நடத்தாதீர்கள். நாற்காலியை மேடைக்குக் கிட்டே போடுங்கள். குழந்தைகளை முன் வரிசையில் உட்கார வையுங்கள், அந்தச் சரளி வரிசைக் குழந்தையை முக்கியமாக.

எங்கள் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முப்பத்திரண்டு ஃப்ளாட்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் தமிழர்கள் ஒன்பது பேர்தான். அடுத்த ஞாயிறு கூட்டம். ட்ரம்ஸ்காரருக்கு பிப்ரவரி முதல் வாரம் முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு பெடலை மிதிக்க எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.