மிலிட்டரி போலீஸில் சேர விரும்பும் மகளுக்கு என்ன பதில்?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸா திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம்மிடம் மக்தபில் ஓதிய இரு பிள்ளைகளின் தந்தை வந்தார். பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப் ஒன்றில் வேலை செய்பவர். இருபது வயது மகன் மிலிட்டரி போலீஸில் சேரும் ஆசையில் தினமும் சுபுஹுக்குப் பின் ஓடிப் பழகுகிறான் என்றும், அவனுக்காக துஆ செய்ய வேண்டும் என்றும் கேட்டார். செய்தோம். எழுந்து செருப்பை மாட்டியவர் திரும்பி நின்றார். "ஹஸ்ரத், இளையவளும் அதற்கே மனுப் போடப் போவதாகச் சொல்கிறாள். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்றார்.

மகனுக்கான பதில் நம் வாயிலிருந்து ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. மகளுக்கான பதிலைத் தேட இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நாம் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் எழுந்திருக்கக்கூடும்.

முதலில் அந்த வேலையைப் பற்றி. சிவப்புத் தொப்பியும் வெள்ளை இடைவாருமாகக் கண்டோன்மென்ட் வாயிலில் நிற்பவர்களைப் பலர் பார்த்திருப்போம். அவர்களின் பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. இராணுவத்துக்குள் ஒழுங்கைக் காப்பது, படை வண்டிகள் செல்லும் வழியைச் சீர்செய்வது, போர்க் கைதிகளைப் பொறுப்பேற்பது, சிப்பாய்கள் செய்யும் குற்றங்களை விசாரிப்பது ஆகியவை அவர்களின் பணிகள். அவர்களின் அதிகாரம் முதன்மையாக இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் மீதுதான். நம் மஹல்லாத் தெருவில் தடியோடு நிற்கும் காவல் துறை வேறு, இது வேறு. "நம் பிள்ளையை நம் மக்களுக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டால்?" என்று ஒரு முதியவர் நம்மிடம் கேட்டார். அந்த அச்சத்தின் பெரும்பகுதி இந்த வேறுபாடு தெரியாததால் வருவது.

நாம் எதிர்பாராத செய்தி ஒன்றும் தெரிந்தது. ஆண் பிள்ளை அக்னிவீர் பொதுப்பணிக்குத் தேர்வானால், அவன் எந்தப் பிரிவுக்குச் செல்வான் என்பதை இராணுவமே முடிவு செய்கிறது. மிலிட்டரி போலீஸ்தான் வேண்டும் என்று அவன் ஆசைப்படலாம். கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறானது. தரைப்படையில் பெண்கள் சிப்பாய் நிலையில் சேர இன்று திறந்திருக்கும் வாயிலே மிலிட்டரி போலீஸ்தான். 2019ஆம் ஆண்டு அந்த வாயில் திறந்தது. 2021 மே மாதம் 8ஆம் நாள் முதல் அணியாக 83 பெண்கள் பெங்களூரில் பயிற்சி முடித்து உறுதிமொழி எடுத்தார்கள். ஆக, அந்த வீட்டில் மிலிட்டரி போலீஸ் வேலையைத் தன் விருப்பமாகத் தேர்ந்தெடுக்கக்கூடியவள் தங்கைதான். அண்ணன் அதற்கு ஆசைப்பட மட்டுமே முடியும். இதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். காவல் பணி நம் மரபுக்குப் புதிதன்று. கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குக் காவல் தலைவரைப் போன்ற நிலையில் இருந்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஆளுநர்கள் மீது புகார் வந்தால் விசாரிக்க அனுப்பப்பட்டவராக முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் பெயரை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. காதிஸிய்யாப் போரை வென்ற தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) மீது கூஃபாவில் புகார் எழுந்தபோது, அவரைப் பற்றிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாகச் சென்று விசாரித்தார்கள். வென்ற தளபதி, மூத்த தோழர் என்பதற்காக விசாரணை நிற்கவில்லை. மிலிட்டரி போலீஸ் வேலையின் உயிர் இதுதான். தன்னோடு ஒரே சீருடை அணிந்தவன், தன்னைவிட மூத்தவன், தன் ஊர்க்காரன் தவறு செய்தாலும் எழுதி வைக்க வேண்டும்.

அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை ஓதுகிறோம். நமக்கே எதிராகவோ பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவோ ஆனாலும் நீதியில் நிலைத்திருக்கச் சொல்லும் வசனம் அது. மக்ஸூமிக் குலத்துப் பெண் திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பியதும், நபி (ஸல்) அவர்கள் அந்தப் பரிந்துரையைக் கோபத்தோடு மறுத்ததும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இருந்தும் நம் ஜமாஅத்துக்குள் ஒரு கணக்குப் பிழை வெளிப்பட்டால் "வெளியே சொல்லாதீர்கள்" என்றுதான் முதலில் சொல்கிறோம். இந்த வேலைக்குப் போகும் பிள்ளை நம்மில் பலருக்கு வராத ஒரு பழக்கத்தைத் தொழிலாகவே ஏற்கப்போகிறது.

எனவே அந்தப் பெண்ணை அவள் தாயோடு வரச்சொல்லி நாம் கேட்ட முதல் கேள்வி பர்தாவைப் பற்றியது அன்று. "உன் அறைத் தோழி கேன்டீனில் திருடினால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலில் அவளிடமே போய்ச் சொல்லச் சொல்வேன். அவள் போகாவிட்டால் நான் போவேன்" என்றாள். நம் ஓதல் வீண் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் பர்தாவைப் பேசாமல் கடந்துவிட முடியாது. அதைப் பேசாதிருப்பது அமானிதத்துக்கு மாறானது. சீருடைப் பணியில் மத அடையாளத்துக்கு இடம் எவ்வளவு என்பதை நீதிமன்றங்களின் வழக்குகள் காட்டுகின்றன. தாடி வைத்ததற்காக விமானப்படையிலிருந்து நீக்கப்பட்ட முஸ்லிம் வீரர் ஒருவரின் வழக்கில், அந்த நீக்கம் சரியே என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம், 2024 ஜூலையில் மதுரையைச் சேர்ந்த காவலர் ஒருவரின் வழக்கில், முஸ்லிம் காவலர்கள் சீரான தாடி வைத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட் இடம் தருகிறது என்று உயர் நீதிமன்றம் கூறி, அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ரத்து செய்தது. மாநிலக் காவல் துறையின் விதி வேறு, படைகளின் விதி வேறு என்பதை இந்த இரண்டும் சேர்ந்து தெளிவாக்குகின்றன. பணி நேரத்தில் தலைமறைப்பு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு நம் பெண் மனுப் போடக்கூடாது. கிடைக்காது என்றே எண்ணி, அப்படியானால் என்ன செய்வது என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். நாம் முஃப்தி அல்ல. ஃபத்வா கொடுக்கும் தகுதியுள்ள ஆலிமிடம் நிலைமை முழுவதையும் மறைக்காமல் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னோம். அந்தப் பதில் 'கூடாது' என்று வந்தால் ஏற்பதற்கு அவள் ஆயத்தமாக இருக்க வேண்டும்; 'கூடும்' என்று வந்தால் ஏற்பதற்கு அவள் தந்தையும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டாவதைச் சொன்னபோதுதான் தந்தை நிமிர்ந்து பார்த்தார்.

தாயின் கவலை வேறு. "நான்கு வருடம் கழித்து வருகிறவளை யார் எடுப்பார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டப்படி பணி நான்கு ஆண்டுகள். நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். அந்த நான்கு ஆண்டும் திருமணம் ஆகாதிருக்க வேண்டும். முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, அரசும் அதே அளவு சேர்த்து, முடிவில் பத்து இலட்சத்தை ஒட்டிய தொகையாகத் தருகிறார்கள். நிரந்தர வேலை என்று நம்பிக் கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் குடும்பங்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும். இருந்தாலும் அந்தத் தாயிடம் நாம் ஒன்று கேட்டோம். பத்தொன்பது வயதில் கடன்பட்டு, நகை போட்டு அனுப்பிய பெண்கள் எத்தனை பேர் நான்கு ஆண்டில் திரும்பி வந்து நம் மஹல்லாவில் இருக்கிறார்கள்? அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய அக்காள் மகளே அப்படி இருப்பவள் என்பது பிறகுதான் நமக்கு நினைவு வந்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஒரு சிறு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறோம். பாகிஸ்தான் படைக்குச் செல்ல மறுத்து, 1948 ஜூலை 3ஆம் நாள் காஷ்மீரில் உயிர் கொடுத்து, தில்லி ஜாமிஆ மில்லிய்யா அருகே அடக்கமான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானையும், 1965 போரில் பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதையும் ஆகஸ்ட் 15 மேடைகளில் நாம் தவறாமல் நினைவுகூர்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பாதையைக் கேட்டால் "நமக்கு எதற்கு?" என்கிறோம். 1755இல் ஹைதர் அலி ஃபவுஜ்தாராக வந்து படை வளர்த்த மலைக்கோட்டையின் நிழலில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்கிறோம். இராணுவத்தில் மதபோதகர் பதவிக்கு மௌலவிகளையும் எடுக்கிறார்கள் என்பது நம் மதரஸா மாணவர்கள் பலருக்கே தெரியாது. பட்டப்படிப்போடு ஆலிம் தகுதியும் வேண்டும். நமக்குப் பட்டப்படிப்பும் இல்லை, வயதும் கடந்துவிட்டது. மாணவர்களாவது கவனிக்கட்டும்.

தந்தை எதிர்பார்த்த 'வேண்டாம்' நம்மிடமிருந்து வரவில்லை. 'போ' என்றும் நாம் சொல்லவில்லை. அவர் நம் வாயால் ஒரு தடையைப் பெற்று, அதை மார்க்கம் என்று மகளிடம் காட்ட விரும்பினார். தம் அச்சத்தைத் தம் பெயரிலேயே அவர் அவளிடம் சொல்லட்டும். அவள் அதற்கு மரியாதை கொடுப்பாள். அச்சத்துக்கு தீனின் உடையை உடுத்திவிட்டால், வேலை போவதோடு தீன் மீதான நம்பிக்கையும் அவள் நெஞ்சில் தேய்ந்துவிடும்.

ஆலிமின் பதில் இன்னும் வரவில்லை. அண்ணனும் தங்கையும் காலையில் ஓடுகிறார்கள். உடன் தந்தையும் சைக்கிளில் போகிறார். பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவள் இப்போது எட்டரையில் இருக்கிறாளாம். போன வாரம் நம்மிடம் வந்து, பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் சட்டங்களை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டாள். புதன்கிழமை மஃரிபுக்குப் பின் தொடங்கியிருக்கிறோம். அண்ணனும் வந்து பின்வரிசையில் அமர்கிறான்.