சைடுமவுண்ட் ரெகுலேட்டர்: விலைச்சீட்டைப் பார்க்காதீங்க, பத்து வருஷக் கணக்கைப் பாருங்க

நம்ம சேனல்ல பைக், கேமரா, லேப்டாப்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்கு கொஞ்சம் ஆழத்துக்குப் போகலாம். வேலைக்குச் சேர்ந்த ரெண்டு மூணு வருஷத்துல ஸ்கூபா பழகி, புதுச்சேரி, அந்தமான்னு போய்ட்டு வந்து, அடுத்து சைடுமவுண்ட் கத்துக்க நினைக்கிறவங்க இருக்காங்க. அவங்க பர்ஸைப் பதம் பார்க்கிற பொருள் ரெகுலேட்டர். அதுல எது "நீடிச்சு உழைக்கும்" என்பதுதான் விஷயம்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். நீடிச்சு உழைக்கிற ரெகுலேட்டர்னா அதிக விலை உள்ளதுன்னு அர்த்தம் இல்லை. பத்து வருஷம் கழிச்சும் உதிரி பாகம் கிடைக்கணும், அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச டெக்னீசியன் நீங்க போய்வரக்கூடிய தூரத்துல இருக்கணும். அதுதான் நீடிக்கும்.

எல்லாமே ரெண்டு

சைடுமவுண்ட்ல சிலிண்டரை முதுகில் மாட்ட மாட்டோம். உடம்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. குறுகலான நீர்க்குகைகள்ல நுழையறவங்க உருவாக்கின முறை இது. ஃபுளோரிடா குகைகளும் மெக்சிகோவின் செனோட்டேகளும் இன்னைக்கும் இதோட தாய்வீடு மாதிரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், தனி செகண்ட் ஸ்டேஜ், தனி பிரஷர் கேஜ். அதாவது வாங்கும் செலவும் ரெண்டு மடங்கு, சர்வீஸ் செலவும் ரெண்டு மடங்கு. பலரும் முதல் பாதியை மட்டும் கணக்குப் போடறாங்க.

இங்கேதான் ஒரு தப்பான சிக்கனம் வருது. "ஒண்ணு நல்லதா வாங்கிடலாம், இன்னொண்ணு சும்மா ஸ்பேர்தானே, மலிவா எடுத்துக்கலாம்" என்ற யோசனை. சைடுமவுண்ட்ல ஸ்பேர்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு சிலிண்டர்லயும் காற்று சமமா குறையணும்னு டைவ் முழுக்க மாத்தி மாத்தி மூச்சு விடுவோம். ஒண்ணு மக்கர் பண்ணினா அந்த வால்வைக் கையாலே மூடிட்டு, மத்ததை நம்பித்தான் வெளியே வரணும். குகைக்குள்ள நேரா மேலே போக வழி கிடையாது. அதனால ரெண்டும் ஒரே மாடலா இருக்கட்டும். காசு பார்வையிலும் அதுதான் சரி. ஒரே சர்வீஸ் கிட், ஒரே டெக்னீசியன், ஒரே ஸ்பேர் ஓ-ரிங் டப்பா போதும்.

எதைப் பார்த்து வாங்கணும்?

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல பிஸ்டன், டயாஃப்ரம்னு ரெண்டு வகை. பிஸ்டன்ல பாகங்கள் குறைவு, சர்வீஸ் எளிது. ஆனா பெரும்பாலான பிஸ்டன் மாடல்கள்ல ஸ்பிரிங் இருக்கிற அறைக்குள்ள கடல்நீரும் மணலும் நேரா போகும். சீல் செய்த டயாஃப்ரம்ல அது உள்ளே வராது. சைடுமவுண்ட்ல ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அக்குளுக்குக் கீழே தொங்கி, சேற்றையும் மணலையும் உரசிக்கிட்டுப் போகும். அதனால என் ஓட்டு சீல் செய்த, பேலன்ஸ்டு டயாஃப்ரம் வகைக்கு.

அடுத்து, சுழலும் டரெட். ஹோஸ்களை உடம்போட ஒட்டி ஓட்ட இது பெரிய உதவி. அதன் முனையில் ஐந்தாவது போர்ட் இருந்தா இன்னும் நல்லது. டயாஃப்ரம்ல அபெக்ஸ் டி.எஸ்.டி., பிஸ்டன்ல ஸ்கூபாப்ரோ எம்.கே.25 ரெண்டிலுமே இந்த வசதி உண்டு. ரெண்டுமே ரொம்ப காலமா விற்கிற மாடல்கள். புதுசா வந்து மின்னுற மாடலைவிட எனக்கு இந்தப் பழைய குதிரைகள் மேல்தான் நம்பிக்கை.

இணைப்பு டின் வகையா இருக்கட்டும். ஓ-ரிங் உள்ளே அடைபட்டு இருக்கும், தட்டுப்பட்டாலும் சுலபத்துல பிதுங்காது. போற இடத்துல யோக் வால்வு மட்டும் இருந்தா ஒரு சின்ன அடாப்டர் போதும்.

டைட்டானியம் தேவையா? துருப்பிடிக்காது, எடை குறைவு, உண்மை. ஆனா விலை எக்கச்சக்கம். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள கலவைக்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. குரோம் பூசின பித்தளையே தாராளம்.

கணக்குக்கு வருவோம்

கீழே உள்ளது கடை விலை அல்ல, கணக்குக்காக எடுத்த எண்கள். உங்க கடைக்காரர் சொல்ற விலையைப் போட்டு நீங்களே பாருங்க.

ஒரு செட் ₹70,000 என்றால் ரெண்டு செட் ₹1,40,000. சர்வீஸ் செட்டுக்கு வருஷம் ₹9,000 வைத்தால் ரெண்டுக்கும் ₹18,000. ஐந்து வருஷத்துக்கு ₹90,000. ஆக மொத்தம் ₹2,30,000. ரெண்டு ரெகுலேட்டருக்கும் ஒரு நாள் வாடகை ₹1,500 என்றால், ஐந்து வருஷத்துல சுமார் 153 நாள் டைவ் பண்ணினால்தான் சொந்தமா வாங்கினது லாபம். வருஷத்துக்கு ஏறக்குறைய 31 நாள். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை லீவ் போட்டுப் போறவங்களுக்கு வாடகைதான் புத்திசாலித்தனம். எல்லா இடத்துலயும் சைடுமவுண்ட் செட் வாடகைக்குக் கிடைக்காது, புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

அதே மாதிரி, ₹40,000-க்கு மலிவா ஒரு செட் வாங்கி, மூணு வருஷத்துல உதிரி பாகம் கிடைக்காம போச்சுன்னு வைங்க. ரெண்டு செட்டுக்கு ₹80,000. சர்வீஸைச் சேர்க்காமலே வருஷத்துக்கு சுமார் ₹26,700. ₹70,000 செட் பத்து வருஷம் உழைச்சா வருஷத்துக்கு ₹14,000 மட்டுமே. இப்ப எது மலிவு?

செகண்ட் ஹேண்ட் எடுக்கிறவங்களுக்கு

தாராளமா எடுக்கலாம், ரெண்டு விஷயம் பார்த்துட்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் இருக்கிற ஃபில்டர் பச்சையா இருந்தா உள்ளே உப்புநீர் போயிருக்குன்னு அர்த்தம். அடுத்து, இடைநிலை அழுத்தத்தைக் கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்க. பல மாடல்கள்ல 9-10 பார் அளவில் நின்னு அசையாம இருக்கணும். மெதுவா ஏறிக்கிட்டே போனா உள்ளே சீட் தேய்ஞ்சிருக்கு. அப்படியே இறங்கினால் தண்ணிக்குள்ள காற்று தானா கொட்ட ஆரம்பிக்கலாம். எதுவா இருந்தாலும் முழு சர்வீஸ் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்க.

கடைசியா ஒண்ணு

யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை ஆகக் கூடாது. இ.எம்.ஐ.-ல ரெகுலேட்டர் எடுத்துட்டு, கையில காசில்லாம சர்வீஸைத் தள்ளிப்போடறது இருக்கிறதிலேயே ஆபத்தான சிக்கனம். எமர்ஜென்சி ஃபண்ட் முதல்ல. முறையான பயிற்சி ரெண்டாவது. அப்புறம் ரெகுலேட்டருக்காகச் சேர்த்து, முழுப் பணம் கொடுத்து வாங்குங்க. வாங்கின மாசத்துல இருந்தே சர்வீஸுக்குன்னு தனியா ஒரு ஆர்.டி. போட்டுடுங்க. மேலே சொன்ன கணக்குப்படி மாசம் ₹1,500.

ஒவ்வொரு டைவுக்கும் பிறகு டஸ்ட் கேப்பை இறுக்கி மூடி, நல்ல தண்ணியில அலசுங்க. அலசும்போது பர்ஜ் பட்டனை மட்டும் அமுக்காதீங்க, ஹோஸ் வழியா தண்ணி உள்ளே ஏறிடும். இதுக்குப் பத்து பைசா செலவில்லை. ரெகுலேட்டரோட ஆயுளைக் கூட்டறதுல இதுக்குத்தான் பெரிய பங்கு.