நாய்க்கடியும் நோய்ப்பயமும்

குன்னூரில் 1907-ஆம் வருஷம் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்படுவதற்கு முன், வெறிநாய் கடித்த தென்னாட்டு ஏழைக்குப் பெரும்பாலும் மந்திரமும் பச்சிலையுமே கதியாயிருந்தது. அந்நோயின் குறி கண்ட பின் பிழைத்தவர் மிக அபூர்வம். ஆகையால் கடிபட்டவுடன் புண்ணைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவித் தடுப்பு ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டுக் கொள்ள வேண்டும். இந்தப் பயம் அறிவுள்ள பயம். இதை நாம் குறை கூறவில்லை.

நிற்க, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் ஊசி முழுவதும் போட்டுக் கொண்டார். கடித்த நாயும் 10 நாள் கழித்துச் சுகமாகவே இருக்கிறது. அப்படியிருந்தும், தண்ணீர்ச் செம்பை எடுக்கும் போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என்று வைத்துக் கொள்ளுவோம். இவருக்குப் பைத்தியமா? பாசாங்கா? பேயா? மூன்றும் இல்லை. இதற்கு நோய்ப்பயம் என்று பெயர். இதுவும் ஒரு வியாதியே.

இதை மற்ற மனோவியாதிகளோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. திடீரென்று நெஞ்சு படபடத்து, இந்த நிமிஷமே சாகப் போகிறோம் என்று தோன்றிச் சிறிது நேரத்தில் தணிவது பீதி நோய். அழுக்கு ஒட்டியதென்று கையை ஓயாமல் கழுவுவது எண்ணச் சுழற்சி நோய். மெய்யாகவே உள்ள வலியைப் பற்றிய கவலை அளவு மீறி வாழ்வையே விழுங்குவது வேறொன்று. எந்த ருஜுவுக்கும் அசையாத நம்பிக்கையோ மனமயக்கம். நோய்ப்பயக்காரருக்குச் சமாதானம் சொன்னால் கேட்பார். ஆனால் மறுநாளே சந்தேகம் திரும்பி வந்துவிடும்.

இங்கேதான் பகுத்தறிவு பேசுகிற நம்மவர்களும் ஏமாறுகிறார்கள். பூசாரியின் தாயத்தைக் கழற்றி எறிந்தவர், மாதம் நான்கு முறை இரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டால் அதுவும் தாயத்து அல்லாமல் வேறென்ன? சீட்டு தரும் நிம்மதி ஒரு நாளைக்குத்தான். தடவத் தடவத் தொண்டை நோகிறது. நோக நோகப் பயம் வளருகிறது.

பரிகாரம் உண்டு. வைத்தியர் ஒரு முறை செவ்வையாய்ப் பார்க்கட்டும். புதிதாய்க் குறி கண்டால் மறுபடியும் பார்க்கட்டும். மற்றப்படி தடவுவதையும் ஓயாமல் கேட்பதையும் சிறிது சிறிதாய்க் குறைத்து, பயம் சொல்லுவது மெய்தானா என்று தாமே சோதித்துப் பார்க்கப் பழக்கும் மனச் சிகிச்சை இருக்கிறது. அதனால் அநேகர் குணமடைந்திருக்கிறார்கள். வேண்டியபோது மருந்தும் உண்டு.

'ஹைப்போகாண்ட்ரியா' என்ற பழம் பெயர் வசைச் சொல்லாகிவிட்டபடியால், அமெரிக்க மனோ வைத்தியர்கள் 2013-இல் அதைத் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம்மவர்களும் இத்தகையவர்களைப் பரிகசிப்பதை என்றைக்கு விடப் போகிறார்கள்?